லினக்ஸா, பிஎஸ்டியா? கேட்டவர்களுக்குப் பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, உபுண்டு, ஃப்ரீபிஎஸ்டி இரண்டிலும் டெர்மினல் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. பிறகு ஏன் வேறு வேறு குடும்பம் என்கிறார்கள்?

உபுண்டு லினக்ஸ் குடும்பம், ஃப்ரீபிஎஸ்டி பிஎஸ்டி குடும்பம். இரண்டும் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் பழக்கத்தில் வளர்ந்தவை தங்கச்சி, அதனால் மேலோட்டமாக ஒன்றாகத் தெரியும். ஆனால் லினக்ஸ் என்பது கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, மட்டும்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது. அடிப்படைக் கட்டளைகளைத் தரும் க்னூ கருவிகள், சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி, டெஸ்க்டொப் எல்லாம் வேறு வேறு ஆட்கள் எழுதியவை. அவற்றைச் சேர்த்துக் கட்டித் தருவதுதான் உபுண்டு, ஃபெடோராக்காரர்களின் வேலை. ஃப்ரீபிஎஸ்டியில் கேர்னலும், சி நூலகமும், அடிப்படைக் கட்டளைகளும் ஒரே குழுவின் பொறுப்பு, ஒரே மூலநிரல் களஞ்சியத்தில். நாமாக நிறுவுகிற மென்பொருள் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ கோப்புறைக்குள் ஒதுங்கிவிடும். அங்கே மேன் பக்கங்களை (கட்டளைகளுக்கான கையேடு) நம்பி வாசிக்கலாம் என்று பலர் சொல்வதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கொள்ளுப்பிட்டியில் சேர்வர் பார்க்கும் தம்பி: உபுண்டுவில் ஓடும் ஸ்கிரிப்ட் ஃப்ரீபிஎஸ்டியில் முதல் வரியிலேயே நிற்கிறது.

ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் ஷெல், ‘பின்’ கோப்புறையில் இருக்கிறது என்று அந்த வரியில் எழுதியிருப்பீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பாஷ் தானாக வராது. நிறுவினாலும் ‘யூஎஸ்ஆர் லோக்கல் பின்’னில்தான் உட்காரும். ‘என்வ்’ கட்டளை மூலம் பாஷைத் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரண ‘எஸ்எச்’ ஷெல்லுக்கு எழுதுங்கள். அடுத்து கோப்பிலுள்ள எழுத்தை மாற்றும் ‘செட்’ கட்டளையும் உங்களைப் பிடிக்கும்: கோப்பை அதே இடத்தில் திருத்தும் ‘ஐ’ தெரிவுக்குப் பிறகு ஃப்ரீபிஎஸ்டி காப்புப் பிரதியின் பெயருக்கு ஒரு பின்னொட்டு கேட்கும், உள்ளே ஒன்றுமில்லாத மேற்கோள்குறிகளையாவது கொடுக்க வேண்டும். ஆப்பிளின் மாக் கணினியிலும் இதே கதைதான்.

தெஹிவளை: ஃப்ரீ, நெட், ஓப்பன் என்ற மூன்று பிஎஸ்டிகளும் டெபியன், உபுண்டு போலவா?

இல்லை. டெபியனும் உபுண்டுவும் ஓட்டுவது ஒரே லினக்ஸ் கேர்னலை. இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கேர்னல். நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் 1993இல் 386பிஎஸ்டி என்ற முந்தைய பிஎஸ்டியிலிருந்து கிளைத்தன. நெட்பிஎஸ்டியிலிருந்து தியோ டி ராட் பிரிந்துபோய்த் தொடங்கியது ஓப்பன்பிஎஸ்டி. நீங்கள் தினமும் சேர்வருக்குள் நுழையும் ஓப்பன்எஸ்எஸ்எச் அந்த வீட்டுச் சரக்கு.

பம்பலப்பிட்டி: மாக் எந்தப் பக்கம்?

பிஎஸ்டி பக்கம் சாய்ந்தது. கேர்னலில் மாக்-உம் (எழுத்து ஒன்றுபோல இருந்தாலும் இது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த கேர்னல்) பிஎஸ்டி பகுதிகளும் கலந்திருக்கின்றன.

கொட்டாஞ்சேனை: கம்பனிகள் ஏன் பிஎஸ்டியை எடுத்துக்கொள்கின்றன?

உரிமம். லினக்ஸின் ஜிபிஎல் உரிமத்தில், மாற்றி விநியோகித்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். பிஎஸ்டி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பிளேஸ்டேஷன் 4இன் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது. சோனி அதை மூடியே வைத்திருக்கலாம். இதைச் சுதந்திரம் என்பவர்களும் உண்டு, சுரண்டல் என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

புறக்கோட்டையில் பழைய லப்டொப் வாங்கியவர்: எதைப் போடட்டும்?

வைஃபை முக்கியமென்றால் லினக்ஸ்; டிரைவர்கள் அதில்தான் அதிகம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், வைஃபை பிடித்தால் நிறுவுங்கள்.