வண்டி டாக்டர் பதில்கள்: மேட்டுல மூச்சு வாங்குற பிக்கப்

கேள்வி: சார், எங்கிட்ட 2004 மாடல் டீசல் பிக்கப் இருக்கு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி லோடு அடிக்கிறேன். காலைல ஹேண்ட் பம்ப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது, லோடோட மேடு ஏறினா இழுக்க மாட்டேங்குது. பில்டர் மாத்தியாச்சு. மெக்கானிக் இன்ஜெக்‌ஷன் பம்பை இறக்கணும்ங்கிறார், இறக்கலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி, இன்ஜினுக்கு டீசலை அழுத்தத்தோட பீய்ச்சிக் கொடுக்குற அந்த பம்பைக் கழட்டுறது கடைசி வேலை. ராத்திரி நின்னு காலைல அடிச்சாத்தான் எடுக்குதுன்னா பெரும்பாலும் எங்கயோ ஏர் இழுக்குது, டீசல் டேங்குக்கே திரும்பிப் போயிடுது. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை இழுத்துக் கொடுக்குற சின்ன பம்ப்) வரைக்கும் உறிஞ்சுற பக்கம், அங்க லீக் இருந்தா ஓடும்போது டீசல் சொட்டாது, காத்துதான் உள்ள போகும், அதனால வெளிய காஞ்சு கிடக்குதேன்னு நம்பி ஏமாந்துடாதீங்க.

ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு அடி கண்ணாடி மாதிரி டியூப் மாட்டி ஓடவிட்டுப் பாருங்க, குமிழி வந்தா பழைய ரப்பர் ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாத்தையும் பாருங்க.

குமிழியே இல்லன்னா கேன்ல சுத்தமான டீசல் வச்சு ஃபீட் பம்புக்கு நேரா கொடுங்க, மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸும் கேனுக்குள்ளயே. இப்ப நல்லா ரைஸ் ஆகுதுன்னா கோளாறு டேங்க் பக்கம், உள்ள ஜல்லடை அடைச்சிருக்கும். அப்புறம் மேட்டுல திணறும்போது நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்க, புஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்தா வென்ட், அதாவது டேங்குக்குள்ள காத்து போற ஓட்டை அடைப்பு, ஊசி வச்சு குத்தினாலே போதும் (இதுக்குப் போய் பம்பை இறக்கினவங்களை நான் பாத்திருக்கேன்!).