கண்ணிமையில் தடிப்பு: ஷாம்புவில் உள்ள குளூட்டன்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 34. மூன்று ஆண்டுகளுக்கு முன் செலியாக் நோய் இருப்பது உறுதியானது. அன்று முதல் கோதுமை, பார்லி, ரை எதையும் சாப்பிடுவதில்லை. நான்கு மாதங்களுக்கு முன் ஷாம்புவையும் கைகளுக்குப் பூசும் கிரீமையும் மாற்றினேன். இப்போது கண்ணிமைகளும் கழுத்தின் இரு பக்கமும் சிவந்து அரிக்கின்றன, தோல் உரிகிறது. ஷாம்பு பாட்டிலைப் பார்த்தால் கோதுமைப் புரதம் என்று போட்டிருக்கிறது. உடல்நல ஆலோசகர் ஒருவர் என் தலைமுடியை வாங்கிப் பரிசோதித்து, தோல் வழியாகக் குளூட்டன் ஏறுவதாகச் சொல்கிறார். குளூட்டன் இல்லாத ஷாம்பு, கிரீம், லிப்ஸ்டிக் அடங்கிய தொகுப்பு ஒன்றைத் தானே வரவழைத்துத் தருவதாகவும் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

செலியாக் நோய் சிறுகுடலில் நடக்கிற நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வாய் வழியாக உள்ளே போய்க் குடலின் உட்சுவரைத் தொட்டால்தான் அது கிளம்பும். குளூட்டன் பெரிய மூலக்கூறு. காயம் படாத தோல் அதை உள்ளே விடாது. தலையில் தேய்த்து அலசிவிடும் ஷாம்புவால் உங்கள் குடலுக்குக் கேடு வராது. செலியாக்கோடு சேர்ந்து வரும் தோல் நோய் ஒன்று உண்டு. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களாக வந்து, தூங்கவிடாமல் அரிக்கும். அதுவும் சாப்பிட்ட குளூட்டனால் வருவதுதான். உங்களுக்கு வந்திருக்கும் இடங்கள் அவை அல்ல.

கண்ணிமையும் கழுத்தின் இரு பக்கமும் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைக்குக் குளிக்கும்போது நுரை எந்த வழியாக இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். நெற்றி, இமை, காதோரம், கழுத்து. இமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது. உச்சந்தலை தாங்கிக்கொள்ளும் பொருளை இமை தாங்காது. கையில் பூசிய கிரீம் கையை ஒன்றும் செய்யாமல், கண்ணைக் கசக்கியதும் இமையைச் சிவக்க வைப்பதையும் வாரந்தோறும் பார்க்கிறேன். உங்கள் விவரம் எனக்குத் தொடர்பு ஒவ்வாமையையே காட்டுகிறது. தோலில் பட்ட ஏதோ ஒரு வேதிப்பொருளைத் தோல் எதிர்க்கிறது. பட்டவுடன் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தடிப்பு எழும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொந்தரவில்லாமல் பயன்படுத்திய பொருளுக்கும் திடீரென்று வரும். அதனால்தான் எது காரணம் என்று தெரியாமல் பலரும் தவிக்கிறார்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது கோதுமையை அல்ல, கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருட்களையும் வாசனையையும்தான். கெடாமல் காக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பொருளின் பெயரை லேபிளில் தேடுங்கள். 2013-இல் அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதைத்தான் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தோலில் பூசி அப்படியே விட்டுவிடும் பொருட்களில் அதைத் தடை செய்துவிட்டது. கழுவிவிடும் பொருட்களில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கூடாது. உலகின் ஒரு பகுதியில் ஆபத்து என்று விலக்கிய பொருளை இன்னொரு பகுதியில் கேள்வி கேட்காமல் விற்கவிடும் இந்த ஏற்பாட்டை என்னால் ஏற்கவே முடியவில்லை. தோல் எல்லோருக்கும் தோல்தானே?

என்னிடம் வந்த ஒரு பெண்மணியும் உங்களைப் போலவே செலியாக் நோயாளி. ஒரு பை நிறையப் பாட்டில்களோடு வந்தார். எல்லாமே 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டவை, ஒன்பது பொருட்கள். இமைத் தடிப்பு மட்டும் குறையவில்லை. சந்தேகப்படும் பொருட்களைச் சிறு கட்டங்களாக முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தோம். நான்காம் நாள் பேனாவால் குறித்து வைத்த கட்டங்களில் ஒன்றே ஒன்று சிவந்து, ஊசிமுனை அளவுக் கொப்புளங்களோடு தடித்து நின்றது. மெத்தில்ஐசோதையசோலினோன். பையிலிருந்த ஒன்பதிலும் அது இல்லை. முகப்பூச்சைத் துடைக்க அவர் தினமும் எடுக்கும் ஈரத் துடைப்புத் தாளில் இருந்தது. அதை ஒரு 'பொருள்' என்றே அவர் நினைக்கவில்லை. ஒன்பது பாட்டில்களையும் விற்றவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது உங்கள் ஆலோசகருக்கு வருகிறேன். தலைமுடியை வைத்து ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முடியாது. முடி உயிரற்ற இழை. அதில் ஒவ்வாமைக்கான எந்த அடையாளமும் இல்லை. இதே ஆட்கள் அடுத்ததாக நூறு, இருநூறு உணவுகளுக்கான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்றை எடுத்துவருவார்கள். ஒரு உணவைச் சாப்பிட்டு உடல் பழகியிருக்கிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் விற்பனை நிற்கவில்லை. பரிசோதிப்பவரே மருந்தும் விற்றால் முடிவு என்னவாக வரும் என்று உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்டவர்களிடம் பணத்தையும் ஒரு வருடத்தையும் இழந்துவிட்டு என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது.

லேபிள் வாசகங்களையும் நம்பிவிடாதீர்கள். 'குளூட்டன் இல்லாதது' என்பதற்கான, பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவு என்ற அளவு உணவுக்காக வகுத்தது, ஷாம்புவுக்கு அல்ல. 'ஒவ்வாமை தராதது' என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். அப்படி அச்சிட வேண்டுமானால் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975-இல் விதி கொண்டுவந்தது. அழகுப்பொருள் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இன்றுவரை அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி பொருளே கிடையாது. 'மணமற்றது' என்பதும் அப்படித்தான். மூலப்பொருளின் வாடையை மறைக்கவே அதில் வாசனை சேர்த்திருக்கலாம். லேபிளில் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பத்துக்கணக்கான வேதிப்பொருட்கள் ஒளிந்திருக்கும். ஐரோப்பாவில் பெயர் சொல்லியே ஆக வேண்டிய வாசனைப் பொருட்கள் 26-ஆக இருந்தன. 2023-இல்தான் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டினார்கள்.

உதட்டுக்கும் பல்லுக்கும் உரியவை வேறு கணக்கு, ஏனென்றால் அவை வாய்க்குள் போகின்றன. ஆனால் அங்கும் பீதி வேண்டாம். இத்தாலிய ஆய்வாளர்கள் பற்பசை, லிப்ஸ்டிக் போன்ற 66 பொருட்களைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். 62 பொருட்களில் குளூட்டன் 20 பங்குக்குக் கீழே. மீதி நான்கில் அதிகபட்சம், ஒரு பற்பசையில் இருந்த பத்து லட்சத்தில் 35 பங்குதான். அந்தப் பற்பசையில் ஒரு கிராமை முழுவதும் விழுங்கினால்கூட உள்ளே போவது ஒரு மில்லிகிராமில் முப்பதில் ஒரு பங்கு. குடலுக்குத் தீங்கு என்று நாங்கள் கவலைப்படுவது ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் போகும்போது. ஆகவே உதட்டுச் சாயத்தின் பட்டியலில் கோதுமையின் தாவரப் பெயரான டிரிட்டிகம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், போதும். மனம் அமைதியடையவில்லை என்றால் உங்கள் குடல்நோய் மருத்துவரிடம் செலியாக்கில் கூடும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அது சீராக இருந்தால் ஷாம்பு வழியாகக் குளூட்டன் ஏறுகிறது என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பாட்டிலிலேயே அது இருக்கிறது. ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன், அதாவது நீரால் பகுத்துத் துண்டாக்கிய கோதுமைப் புரதம். ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் இதைச் சேர்த்திருந்தார்கள். அதுவரை எந்தக் குறையும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டுவந்தவர்கள் நாள்தோறும் அந்த நுரையை முகத்தில் தேய்த்தார்கள். கண்ணிலும் மூக்கிலும் அது பட்டது. சோப்பு தோலின் காப்பைத் தளர்த்த, புரதத் துண்டுகள் உள்ளே நுழைந்து உடலைக் கோதுமைக்கு எதிரியாக்கிவிட்டன. பிறகு கோதுமை உணவைச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடந்தாலே இமை வீங்கியது, உடலெங்கும் தடிப்பு எழுந்தது, சிலருக்கு மூச்சுத் திணறி மயக்கம் வந்தது. 2011-இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். உறுதி செய்யப்பட்டவர்கள் மட்டும் 2,000 பேருக்கு மேல். இத்தனை பேர் பாதிக்கப்பட்ட பிறகும், அந்தப் புரதத் துண்டுகள் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பா வரம்பு வைக்க 2017 ஆனது.

இது செலியாக் அல்ல, வேறு வகை ஒவ்வாமை. செலியாக் இல்லாதவருக்கும் வரும். வேறுபாட்டை நேரம்தான் காட்டிக்கொடுக்கும். ஷாம்பு பட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொசு கடித்ததுபோல் தடிப்புகள் எழுந்து, சில மணி நேரத்தில் சுவடில்லாமல் மறைந்தால் இந்த வகையைச் சந்தேகிக்க வேண்டும். தோல் உரிந்து வாரக்கணக்கில் கிடப்பது இந்த வகை அல்ல. எப்போதாவது உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ யோசிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் கோதுமைப் புரதம் உள்ள ஷாம்புவை நீங்கள் தொடர வேண்டிய அவசியம் இல்லை.

இனி செய்ய வேண்டியது. ஷாம்பு, கைக்கிரீம் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஈரத் துடைப்புத் தாள், நகப்பூச்சு, வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். தடிப்பு அடங்க ஒரு மாதம்கூட ஆகலாம். மூன்றாம் நாளே பொறுமை இழந்து புதிய கிரீம் தேடாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பை நீங்களாக வாங்கி இமையில் பூசவே பூசாதீர்கள். தொடர்ந்து பூசினால் கண்ணின் அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. அடங்கிய பிறகு கிரீமைச் சோதிக்க, முழங்கை மடிப்பில் ஒரு நாணய அளவு இடத்தில் நாளுக்கு இருமுறை பத்து நாள் பூசிப் பாருங்கள். ஷாம்புவை இப்படிச் சோதிக்கக் கூடாது. சோப்புத் தன்மையுள்ள எதுவும் தோலிலேயே நின்றால் யாருக்கும் எரிச்சல் தரும்.

தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். தோலில் ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேறு, இது வேறு. பெயர் சொல்லாவிட்டால் மாற்றி எழுதிவிடுகிறார்கள். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்திருக்க வேண்டும். எடுத்தவுடன் ஒருமுறை பார்ப்பார்கள், நான்காம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். பல இடங்களில் இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிடுகிறார்கள். தாமதமாக எழும் கட்டம் அப்போதுதான் தெரியும் என்பதால் அதைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது, கடந்த ஆறு மாதங்களில் முகத்திலும் கையிலும் தலையிலும் பட்ட ஒவ்வொன்றையும் அட்டைப் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். பல பொருட்களுக்கு முழுப் பட்டியல் பெட்டியில் மட்டுமே இருக்கும். கோபத்தில் அந்த ஷாம்பு பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான்.