பெட்டி முன்னே, நாம் பின்னே

இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில், நானும் வீட்டம்மாவும் 2023 மே மாதம் இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் ஏழு நாள் நடந்துவிட்டு வந்ததை நாலு வரியில் எழுதியிருந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. வந்த கடிதங்களில் நில அளவை பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் சர்வேயராகச் சங்கிலி பிடித்தவனிடம் பட்டா மாறுதல் பற்றிக் கேட்காமல் எலுமிச்சைத் தோட்டம் பற்றிக் கேட்கிறீர்கள். சரி, இந்த இதழ் உங்களுக்கு. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, "வழிகாட்டி இல்லாத நடை" என்று எழுதினீர்கள். ஆளும் கூட வரமாட்டான், வண்டியும் கிடையாது. பிறகு எதற்குக் காசு வாங்குகிறார்கள்? (அம்பாசமுத்திரம்)

பெட்டிக்கு. சிரிக்காதீர்கள், உண்மை. காலையில் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டு, ஒரு சின்னப் பையில் தண்ணீர், மழைச்சட்டை, ரொட்டி மட்டும் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பெட்டி வேனில் அடுத்த ஊருக்குப் போய்விடும். சாயங்காலம் நாம் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேரும்போது அது நமக்கு முன்னால் அறைக்குள் உட்கார்ந்திருக்கும். இது போக அறைகளைப் பதிவு செய்து தருவார்கள், ஒரு வரைபடம் தருவார்கள், கைப்பேசியில் பாதையை ஏற்றித் தருவார்கள், "கோயிலைத் தாண்டி இடப்பக்கம் படி" என்கிற மாதிரி பக்கம் பக்கமாகக் குறிப்பும் தருவார்கள். எப்போது கிளம்புவது, எங்கே உட்காருவது, எங்கே திரும்பி வருவது எல்லாம் உங்கள் பாடு.

அந்தக் காசு இல்லாமலும் போகலாம். மறுபடி போனால் நான் அப்படித்தான் போவேன். மலைமேல் அஜெரோலா பக்கத்தில் பொமெரானோ என்று ஒரு ஊர், கீழே கடலோரம் மினோரி. இரண்டிலும் மும்மூன்று நாள் தங்கி, காலையில் நடந்து சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினால் பெட்டி தூக்குகிற கதையே இல்லை. பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கிவிட வேண்டும். ஏறினதும் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். நம்ம ஊர் மாதிரி கண்டக்டர் தேடி வரமாட்டார்.

நம்ம பொதிகையை விட்டுவிட்டு இத்தாலி மலைக்கு ஏன் போக வேண்டும்? (தென்காசி)

இந்தக் கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் பொதிகையில் நீங்களும் நானும் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு தனியாக நடக்க முடியாது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். புலி இருக்கிறது, யானை இருக்கிறது, கரடி இருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும். அதுதான் சரியும்கூட. காட்டுக்குள் ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பதால்தான் தாமிரபரணியில் தண்ணீர் வருகிறது.

அமால்ஃபி அப்படிக் காடல்ல, ஊர். ஊரையே செங்குத்தாக மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலோரச் சாலையே 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் படகு, இல்லாவிட்டால் மலைப்படி. எலுமிச்சையும் கரியும் கல்யாண ஊர்வலமும் பிணமும் போனது அந்தப் படிகளில்தான். நாம் நடப்பது அந்தப் பழைய பாதையில். இரண்டு பக்கமும் வீடு, தோட்டம், நாய். வழி தவறினாலும் ஒரு வாசலில் போய் நின்றுவிடலாம். பாறையிலும் சுவரிலும் சிவப்பு-வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள், இத்தாலியின் மலையேற்றச் சங்கத்தார் கைவேலை. 1863இல் ஆரம்பித்த சங்கம். எனக்கு அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் சர்வே கல்லைப் பார்த்த நிம்மதி.

வயது 61. தினமும் பாளையங்கோட்டை மைதானத்தில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். ஒரு நாள் நடை 7 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு இது எளிதுதானே? (பாளையங்கோட்டை)

இந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கியிருக்க வேண்டும்.

சார், நான் மாட்டிக்கொண்டதும் இதே கணக்கில்தான். அதுவும் சர்வேயராக இருந்துகொண்டு. சரிவான நிலத்தை அளக்கும்போது சங்கிலியைத் தரையோடு தரையாகப் போடமாட்டோம். செயின்மேன் ஒரு முனையைத் தூக்கி மட்டமாகப் பிடிப்பார், அங்கிருந்து குண்டுநூல் விட்டு இறக்கி, படிப்படியாக அளப்போம். ஏனென்றால் புலப்படத்தில் வருவது கிடைமட்டத் தூரம் மட்டும். மலையை எத்தனை அளந்தாலும் காகிதத்தில் அது தட்டையாகத்தான் படுத்திருக்கும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், அத்ரானியிலிருந்து ரவெல்லோவுக்குப் படத்தில் விரல்நகம் அளவு தூரம் என்று பார்த்துவிட்டு, "முக்கால் மணி நேரத்துல போயிரலாம்" என்று வீட்டம்மாவிடம் சொன்னேன். ரவெல்லோ கடலிலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அத்தனையும் படி. இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் கேட்டது: "முப்பத்து நாலு வருஷம் கவர்மெண்டு ஒங்களுக்குச் சம்பளம் குடுத்துச்சா?"

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். சமதரையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு அதோடு இன்னொரு மணி நேரம். அது இளவட்டக் கணக்கு. நம் வயதுக்கு வருகிற விடையை இரண்டால் பெருக்குங்கள். குறிப்பில் கிலோமீட்டரைப் பார்க்காமல் "ஏற்றம் இத்தனை மீட்டர், இறக்கம் இத்தனை மீட்டர்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத குறிப்பைத் தருகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

ஏற்றம்கூடப் பரவாயில்லை. மூச்சு வாங்கும், நிற்போம், மறுபடி ஏறுவோம். இறக்கம்தான் ஆளைத் தின்கிறது. அங்கே எல்லோரும் போகிற 'தெய்வங்களின் பாதை' பொமெரானோவில் ஆரம்பித்து நொச்செல்லேவில் முடிகிறது. நீங்கள் சொன்ன ஏழு கிலோமீட்டர் அதுவாகத்தான் இருக்கும். மலையின் இடுப்பில் போகிற பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளத்தில் கடல், நேரெதிரே காப்ரித் தீவு. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நொச்செல்லே வந்ததும் எல்லோரும் முடிந்தது என்று நினைப்பார்கள். அங்கிருந்து பொசித்தானோ பக்கத்துச் சாலைக்கு இறங்கச் சுமார் 1,700 படி. பண்பொழித் திருமலைக்கோவிலுக்கு அறுநூறு சொச்சம் படி, அதை ஒரே மூச்சில் இரண்டே முக்கால் தடவை இறங்குகிற மாதிரி. அதுவும் ஒரே அளவுப் படி இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது முக்கால் அடி. "ஏறச் சொன்னா ஏறிருவேன், இந்த எறங்குதது தான் பெரும்பாடு" என்று வீட்டம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் இரண்டு பேரும் கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடித்தோம். நொச்செல்லேவிலிருந்து பொசித்தானோவுக்குச் சின்ன பஸ் ஒன்று ஓடுகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் வெட்கப்படாமல் அதில் ஏறிவிடுங்கள்.

மைதானத்தை விட்டுவிட்டுக் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்து வாரம் ஒரு தடவை திருமலைக்கோவில் போங்கள். வண்டியில் மேலே போய், படி வழியாக இறங்குங்கள். முருகன் கோபிக்கமாட்டார். திருக்குறுங்குடி மலை நம்பி கோவில் பாதையும் நல்லது, கல்லும் வேருமாகக் கணுக்காலுக்குப் பயிற்சி. கைத்தடி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். செருப்புக்கடைக்காரர் எத்தனை சொன்னாலும் புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இல்லை. தனியாகப் போகலாமா? பிள்ளைகள் பயப்படுகிறார்கள். (வீரவநல்லூர்)

தாராளமாகப் போகலாம் டீச்சர். ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி நாள் இல்லை. மயோரியிலிருந்து மினோரிக்கு 'எலுமிச்சைப் பாதை' என்று ஒன்று, தோட்டத்துக்கு நடுவில் போகிறது, வழி நெடுக ஆள் இருக்கும். அதைத் தனியாகவே நடக்கலாம். அமால்ஃபிக்கு மேலே ஃபெர்ரியேரே பள்ளத்தாக்கு நிழலும் ஈரமும் பழைய காகித ஆலைகளின் இடிபாடுமாகக் கிடக்கும். நமக்குக் குற்றாலத்துக்கு வந்த மாதிரி இருந்தது. அங்கேயும் 'தெய்வங்களின் பாதை'யிலும் துணையோடு போங்கள். காலையில் விடுதியில் நாலு முகம் தெரிந்துவிடும், அதில் ஒருவர் அன்றைக்கு அதே பாதையில் போவார். விடுதிக்காரரிடம் "இன்ன வழி போகிறேன், இத்தனை மணிக்கு வந்துவிடுவேன்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு 112. மழை பெய்த மறுநாள் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள், மண்சரிவு அங்கே சாதாரணம்.

பாஷை தெரியாதே என்று கேட்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எலுமிச்சைப் பாதையில் குறிப்பில் இருந்த ஒரு கடை இப்போது அங்கே இல்லை. அதைத் தேடி இடப்பக்கம் திரும்பி ஒரு தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டோம். காரை பூசாத கல்சுவரால் அடுக்கடுக்காகத் தாங்கின மேடைகள், மேலே செஸ்ட்நட் மரக்கழிப் பந்தல், குளிருக்கு வலை போர்த்துவார்களாம். பந்தலுக்குக் கீழே நம் வயதையொத்த ஓர் அம்மா. நான் வரைபடத்தை விரித்துக்கொண்டிருக்கையில் வீட்டம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது நார்த்தங்காய்லா!" என்றாள். பழம் அத்தனை பெரிசு, தோல் அத்தனை தடிமன். அந்த அம்மா ஒன்றைப் பறித்து, வெள்ளைச் சதையோடு வட்டமாக நறுக்கிக் கொடுத்தார். அப்படியே தின்கிறார்கள், புளிப்பு நம் எலுமிச்சையில் பாதிகூட இல்லை. வீட்டம்மா கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினாள். உப்பு வந்தது. ஊறுகாய் போடுகிற விதத்தையும் கையாலேயே விளக்கினாள். அந்த அம்மா பதிலுக்குத் தலையில் கூடை சுமப்பது போலக் காட்டி, மலையையும் காட்டினார். முன்காலத்தில் இந்தப் படிகளில் எலுமிச்சைக் கூடை சுமந்து இறக்கியவர்கள் பெண்கள்தான் என்றும், அவர்களுக்கு 'சிற்றெறும்புகள்' என்று பெயர் என்றும் அன்றைக்கு ராத்திரி விடுதியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அரை மணி நேரப் பேச்சில் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. வழியையும் அவரே காட்டி விட்டார். நான் மடித்துப் பைக்குள் வைத்த வரைபடத்தை அன்று பூராவும் எடுக்கவில்லை.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்? எந்த மாதம் நல்லது? (சங்கரன்கோவில்)

ஷெங்கன் விசா, அதாவது இத்தாலியும் சேர்ந்த பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் என்றால் 15 நாள். முதல் தடவை கைரேகைக்கு நேரில் போக வேண்டும், ஆகவே நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் போட்டு வையுங்கள். மாதம் ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வரும். குளிர்காலத்தில் பாதி விடுதி பூட்டிக் கிடக்கும், படகும் ஓடாது.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா? (கல்லிடைக்குறிச்சி)

அப்பள ஊரில் இருந்துகொண்டு பட்டினியா? வீட்டம்மாவும் சைவம்தான். மரினாரா என்று கேட்டால் தக்காளி, பூண்டு மட்டும் போட்ட பீட்சா வரும், பாலாடைக்கட்டிகூட இருக்காது. அவரைப்பயறு போட்ட பாஸ்தா கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறை ஊற்றித்தான் செய்வது. தூவ வரும்போதே கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். மத்தியானம் கடைகளைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் பருப்புப்பொடி கொண்டுபோனது வீண்போகவில்லை என்று எழுதச் சொல்கிறாள்.

கடற்கரை என்கிறீர்கள், மீனைப் பற்றி ஒரு வரியும் இல்லையே அண்ணாச்சி? (உவரி)

உங்கள் ஊரிலிருந்து இது வராவிட்டால்தான் ஆச்சரியம். அமால்ஃபிப் பெரிய கோவிலே மீனவரான அந்திரேயா அப்போஸ்தலருடையது, அவருடைய எலும்புகள் நிலவறையில் இருப்பதாக வழிபடுகிறார்கள். அங்கிருந்து கிழக்கே செத்தாரா என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே நெத்திலியைத் தலை கிள்ளி, செஸ்ட்நட் மரத்தொட்டியில் உப்பும் மீனுமாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றி மாதக்கணக்கில் வைக்கிறார்கள். கடைசியில் சொட்டுச் சொட்டாக வடிகிற தேன்நிறச் சாறு 'கொலத்தூரா'. பாஸ்தாவில் ஒரு கரண்டி விட்டால் உப்பே போட வேண்டாம். வாசனை நம்ம கருவாட்டுச் சாக்கைப் பிரிக்கிற வாசனைதான்.

ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்தேன். சமையலறைக்குள் அனுமதி இல்லாததால் மோட்டார் ரூம் அலமாரியில் இருக்கிறது. பாதி மிச்சம். அடுத்த மாதம் அந்தோணியார் கோவில் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, கொண்டுவருகிறேன். நீங்கள் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு எடுத்து வையுங்கள்.