தலைக்காயத்துக்குப் பின் நினைவாற்றலைப் பயிற்சியால் மீட்க முடியுமா?

விபத்தில் மூளை அடிபட்ட தம்பிக்குப் பழையவை நினைவிருந்தும் காலையில் சொன்னது மாலையில் மறந்துபோகிறது, பயிற்சியால் இது சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காயத்தை அடுத்த மாதங்களில் மூளை ஓரளவு தானாகவே தேறும். அதற்குப் பின்னும் எஞ்சும் மறதியைச் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்வதாலோ கைப்பேசி விளையாட்டுகளாலோ போக்குவது கடினம், ஏனெனில் அவற்றில் பெறும் தேர்ச்சி அன்றாட வாழ்க்கைக்குள் அரிதாகவே வந்துசேர்கிறது. ஆகவே மறுவாழ்வுப் பயிற்சி, இழந்ததை மீட்பதைவிட, அந்த இழப்போடு ஒருவர் தம் நாளைத் தாமே நடத்திக்கொள்வதையே முதன்மை நோக்கமாகக் கொள்கிறது.

குடும்பத்தார் அவசியம் அறிய வேண்டியது பிழையில்லாக் கற்றல், அதாவது தவறான விடைக்கு இடமே தராமல் கற்பிக்கும் முறை. "இவர் யார், யோசித்துப் பார்" என்று ஊகிக்கவைப்பதை நாம் அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் கடும் மறதி உள்ளவர்கள் தவறாக ஊகிக்க இடமின்றிக் கற்கும்போதே கூடுதலாக நினைவில் கொள்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தவறு செய்தது நினைவில் தங்காததால் அதைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை, தவறான விடையே பழக்கமாகப் பதிந்துவிடுகிறது. எனவே விடையை முதலிலேயே சொல்லி, உடனே திரும்பச் சொல்லவைத்து, பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என இடைவெளியை நீட்டுங்கள்.

மாத்திரை வேளை போன்றவற்றை நினைவிடம் ஒப்படைக்கவே வேண்டாம். மூளைப் பாதிப்புள்ள 143 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், பேஜர் என்ற சிறு செய்திக் கருவி தந்த நினைவூட்டலால் பெரும்பாலோர் அன்றாடக் கடமைகளை முன்பைவிடக் கூடுதலாகச் செய்துமுடித்தனர். இன்று கைப்பேசி அலாரமே அதற்குப் போதும். அலாரத்தைத் தம்பியே தம் கையால் வைக்கட்டும், நீங்கள் அருகில் இருங்கள்.