எண் கடைசியில் வரட்டும்

டீச்சரிடம் கேளுங்கள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் இயற்பியல். பிள்ளைகள் கல்லூரிக்குள் கால் வைத்திருக்கும் நேரம், அப்படித்தான் இருக்கும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாலை டியூஷன் முடிந்து, பிள்ளைகள் விட்டுப்போன அழிப்பான் தூளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

*என் மகள் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்புக்கு மாறிப் போகும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். சில செமஸ்டர் இங்கே, மீதி அங்கே. பிசியோதெரபி ஆசை. அதற்கு ‘இயற்கணித அடிப்படை இயற்பியல்’ என்று ஒரு பாடம் எடுக்க வேண்டுமாம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் அவள் கூடுதல் கணிதம் எடுக்கவில்லை. சமாளிப்பாளா? இது மட்டமான இயற்பியல் என்கிறாரே என் தம்பி?*
– ஒரு தாய், செந்தூல்

தம்பி பொறியியல் படித்தவரோ? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதலாண்டு இயற்பியலுக்கு இரண்டு வாசல் உண்டு. பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் போகிறவர்களுக்கு நுண்கணிதத்தோடு (கால்குலஸ்) ஒன்று. மருத்துவம், மருந்தியல், பிசியோதெரபி, உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு நுண்கணிதம் இல்லாமல் ஒன்று. நியூட்டன் இரண்டிலும் அதே நியூட்டன்தான். இரண்டாவதில் முடுக்கம் மாறாத கணக்குகளாகப் பார்த்துக் கொடுப்பார்கள். மாறினால் வரைபடத்தின் கீழே உள்ள பரப்பைக் கட்டம் எண்ணிக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதுவும் நுண்கணிதம்தான், பெயரைச் சொல்லாமல் செய்கிறோம்.

கூடுதல் கணிதம் இல்லாதது பெரிய குறை இல்லை. சமன்பாட்டிலிருந்து வேண்டிய எழுத்தைத் தனியே பிரித்தெடுப்பது, இருபடிச் சமன்பாடு, சைன், கோஸ், டேன், பத்தின் அடுக்குகள். இவ்வளவு தெரிந்தால் உள்ளே நுழையலாம். பிள்ளைகள் தடுக்கி விழுவது நான் பார்த்தவரை முதலாவதில்தான். வகுப்பு தொடங்குமுன் தினமும் பத்துச் சமன்பாடு என்று மூன்று வாரம் உட்காரச் சொல்லுங்கள். பாடநூலுக்குக் காசு கொட்ட வேண்டாம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் இதே நிலைக்கான பாடநூலை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். நடுவில் மகள் மனம் மாறிப் பொறியியல் என்றால், இந்தப் பாடத்தின் கிரெடிட்டைப் பொறியியல் துறை பொதுவாக ஏற்காது. மாறிப் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*டீச்சர், பயிற்சியில் ஒரு கணக்கு. 30 பாகைச் சாய்வில் உராய்வு இல்லாமல் ஒரு பெட்டி சறுக்குகிறது. 4 மீட்டர் சறுக்கியபின் அதன் வேகம் என்ன? பெட்டியின் நிறையைக் கொடுக்கவே இல்லை. அச்சுப் பிழையா? நான் 1 கிலோ என்று வைத்துக்கொண்டு செய்தேன், விடை சரியாக வந்தது. எப்படி?*
– மாணவன், பிரிக்ஃபீல்ட்ஸ்

தம்பி, அச்சுப் பிழை இல்லை. 1 கிலோவுக்குப் பதில் ஒரு லோரி எடையை வைத்திருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

படம் போடு. பெட்டியின் மேல் இரண்டே விசை: பூமி கீழே இழுக்கும் எடை, சாய்தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் தள்ளு. எடையில் சாய்வு வழியே விழும் பங்கு எம்.ஜி.சைன் தீட்டா. எம் நிறை, ஜி புவியீர்ப்பு முடுக்கம், தீட்டா சாய்வுக் கோணம். (எம்.ஜி. என்றதும் கை தானாக ஓர் ‘ஆர்’ சேர்க்கப் பார்க்கும், விட்டுவிடு.) அது நிறை பெருக்கல் முடுக்கத்துக்குச் சமம். இரண்டு பக்கமும் நிறை நிற்கிறது, அடித்துவிடு. மிச்சம், முடுக்கம் என்பது ஜி பெருக்கல் சைன் தீட்டா. இதுவரை ஓர் எண்ணைக்கூட நாம் தொடவில்லை. அப்புறம்தான் 9.8, பாதி (சைன் 30 பாகை), 4 மீட்டர் எல்லாம். வேகத்தின் வர்க்கம், அதாவது 2 பெருக்கல் முடுக்கம் பெருக்கல் தூரம், 39.2, வேகம் விநாடிக்கு 6.3 மீட்டர்.

ஆரம்பத்திலேயே 1 கிலோ என்று எண்ணைப் போட்டதால் நிறை கழன்றுபோனது உன் கண்ணில் படவில்லை. இந்தக் கணக்கில் கற்றுக்கொள்ள இருந்ததே அது ஒன்றுதான். உராய்வைச் சேர்த்தாலும் கழன்றுவிடும், செய்து பார். யாராவது கயிற்றைக் கட்டி இழுத்தால் கழலாது. ஏன் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

எழுத்தைக் கடைசிவரை வைத்திருக்கச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் கல்லூரியில் எழுதிய முதல் இயற்பியல் சோதனையில் இதே சாய்தளம், இதே 30 பாகை. கால்குலேட்டர் அண்ணனுடையது. பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவர் அதைப் பாகையில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அளவில் விட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. சைன் 30 என்று தட்டினேன், மைனஸ் 0.988 என்றது. முடுக்கம் மைனஸ் 9.68. மைனஸ் என்றால் கீழ்நோக்கி என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சாய்வில் நழுவும் பெட்டி, மரத்திலிருந்து விழும் தேங்காய்க்குச் சமமாக வருகிறதே என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. நான்கு கேள்வியிலும் அதே கால்குலேட்டர். 50க்கு 11.

ஜி.சைன் தீட்டா என்று எழுத்தில் நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். சாய்வே இல்லை என்றால் முடுக்கம் பூச்சியம், செங்குத்தாக நிமிர்த்தினால் முழு ஜி. 30 பாகைக்கு இரண்டுக்கும் நடுவில்தானே வர வேண்டும்? எண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. சோதனை மண்டபத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக சைன் 30 தட்டிப் பார். 0.5 வந்தால் தாளைத் திற.

*ஊசல் ஆய்வில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு 9.59 வந்தது, தோழிக்கு 9.78. புத்தகத்தில் 9.80. பிழைக்குக் காரணம் எழுது என்றால் எல்லாரும் ‘காற்றின் தடை, மனிதத் தவறு’ என்றுதான் எழுதுகிறோம். வேறு என்ன எழுதுவது?*
– மாணவி, சுபாங் ஜெயா

‘மனிதத் தவறு’ என்று எழுதினால் என் மேசையில் மதிப்பெண் கிடையாது. எந்த மனிதர், என்ன தவறு?

நூலை எவ்வளவு நீளம் கட்டினாய், எங்கிருந்து எங்குவரை அளந்தாய் என்று நீ எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன். 50 சென்டிமீட்டர் நூல், முடிச்சிலிருந்து குண்டின் தலைவரை அளந்திருப்பாய். அளக்க வேண்டியது குண்டின் மையம்வரை. குண்டின் ஆரம் 1 சென்டிமீட்டர் என்றால் உண்மையான நீளம் 51. ஊசல் சூத்திரத்தில் விடை நீளத்துக்கு நேர்விகிதம். 9.78ஐ 50ஆல் பெருக்கி 51ஆல் வகுத்துப் பார், உன் 9.59 அப்படியே வந்து நிற்கும். பாவம், காற்றின் மேல் பழி.

தோழியின் 9.78 இன்னும் சுவையானது. புத்தகத்து 9.80 நம் ஊர்க் கணக்கு இல்லை. பூமி சுழல்வதாலும் இடுப்பில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஈர்ப்பு சற்றுக் குறைவு, துருவத்தில் 9.83, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் 9.78. ஆகவே தோழியின் விடை புத்தகத்தைவிடச் சரி! ஆனால் அவளை ரொம்பவும் மெச்ச வேண்டாம். 1 மீட்டர் ஊசல் 20 முறை ஆட ஏறக்குறைய 40 விநாடி. ஸ்டாப்வாட்ச்சில் விரல் 0.2 விநாடி பிந்தினாலே நேரத்தில் அரை விழுக்காடு பிழை, சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் ஒரு விழுக்காடு. அதாவது 9.7 முதல் 9.9 வரை எது வந்தாலும் அவளால் குறை சொல்ல முடியாது. 9.78 வந்தது பாதி அதிர்ஷ்டம். அறிக்கையில் இதை எழுதுங்கள், விரிவுரையாளர் இரண்டாம் முறை படிப்பார்.

*43 சூத்திரங்களை எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். மனப்பாடம் செய்ய எளிய வழி?*
– மாணவன், செபராங் ஜெயா

கிழித்துவிடு. பல வகுப்புகளில் சோதனைக்கே சூத்திரத் தாள் கொடுக்கிறார்கள், உன் விரிவுரையாளரிடம் கேள். ஒவ்வொரு சூத்திரமும் எப்போது *செல்லாது* என்று ஒரு வரி எழுதி ஒட்டு, அது உதவும்.

*எனக்கு 66 வயது, எடை 70 கிலோ. வாரம் ஒருமுறை பினாங்கின் கொடிமலைக்கு நடந்தே ஏறுகிறேன். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பேரன் கணக்குப் போட்டு, ‘தாத்தா, நீங்கள் செலவழித்தது நூற்றுச் சொச்சம் கலோரி, ஒரு ரொட்டி சானாய்க்குக்கூடக் காணாது’ என்கிறான். வியர்த்துக் கொட்டுகிறதே, டீச்சர்!*
– ஒரு தாத்தா, பூலாவ் தீக்குஸ்

அண்ணே, பேரன் பெருக்கியது சரி, விட்டது வேறு. அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 650 மீட்டர் ஏற்றம் என்று வைப்போம். 70 பெருக்கல் 9.78 பெருக்கல் 650, ஏறக்குறைய 4,45,000 ஜூல். உணவுக் கணக்கில் 106 கலோரி. அது உங்கள் உடம்பு மேலே போய்ச் சேர்ந்ததற்கான கூலி மட்டும். தசை சாப்பாட்டிலிருந்து எடுக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குபோலத்தான் வேலையாக மாறும், மீதி வெப்பம். அந்த வெப்பத்தைத் தணிக்கத்தான் உங்கள் சட்டை நனைகிறது. ஆகவே உண்மைச் செலவு 400 கலோரிக்கு மேல். வெறும் ரொட்டி சானாய் ஒன்று 300 சொச்சம். ஒன்று சாப்பிடலாம், பருப்புக் குழம்போடு. இரண்டாவதற்குப் பேரன் பக்கம் நியாயம்.

இறங்கும்போது இந்த 4,45,000 ஜூலையும் உங்கள் முழங்கால்தான் பிரேக் போட்டு வாங்கிக்கொள்கிறது. 1923லிருந்து அங்கே மலை ரயில் ஓடுகிறது. இறங்குவதற்கு மட்டுமாவது அதில் ஏறுங்கள்.