ஐ.இ.பி.யைக் கோப்பிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். மாற்றுத்திறன் மாணவர்கள் மூன்று பேர். இரண்டாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி, நான்காம் வகுப்பில் காதுக்கருவி போட்ட பையன், ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஒருவன். சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருநாள் வருகிறார். மூவருக்கும் தனித்தனியே ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறார். வகுப்பாசிரியர்களோ "அது ஸ்பெஷல் டீச்சர் வேலை" என்கிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டால் ஒருநாள் கூலி போய்விடும். எல்லோரையும் நான்தான் ஒருங்கிணைக்க வேண்டுமாம். எங்கே தொடங்குவது?
— தலைமையாசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் கோப்பை எடுத்து, எழுதியவரைத் தவிர வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது. ஐ.இ.பி. என்ற ஏற்பாடு 1975இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தில் பிறந்தது. பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பு ஆசிரியர், பள்ளி நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதுதான் அங்கே முறை. நம்மிடம் படிவம் வந்து சேர்ந்தது, கூட்டம் வரவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் கூட்டத்தை நடத்துவதுதான்.

"ஸ்பெஷல் டீச்சர் வேலை" என்பவர்களுக்கு ஒரு தகவல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, பிள்ளைக்குத் தேவையான தனிப்பட்ட உதவியையும் அவர்களின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதையும் கல்வி நிறுவனத்தின் பொறுப்பாக வைத்திருக்கிறது. வாரம் ஒருநாள் வருபவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆனால் இதைச் சட்டப்புத்தகத்தைத் தூக்கிக்காட்டிச் சொல்லாதீர்கள். எமிஸ் (பள்ளித் தகவல்களை ஏற்றும் இணையதளம்) பதிவு, பயிற்சி, தேர்வு என்று ஏற்கெனவே மூச்சுமுட்டி நிற்பவர்களிடம் சட்டம் பேசினால் கையெழுத்து கிடைக்கும், வேலை நடக்காது.

அதைவிட, தெரியாததால் வகுப்பில் என்ன நடக்கிறது என்று காட்டுங்கள். உங்கள் இரண்டாம் வகுப்பில் எண்ணும் எழுத்தும் பாடத்துக்காகப் பிள்ளைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாகத் தரையில் உட்காருவார்கள். அந்தச் சிறுமியும் இரண்டு கால்களையும் பக்கவாட்டில் மடித்துப் பின்னால் விட்டு உட்காருவாள். அவளுக்கு அதுதான் விழாமல் இருக்க வசதி. இயன்முறை மருத்துவர்களோ அப்படி உட்காருவதைப் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். வட்டார வள மையத்தில் ஒருமணி நேரம் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள், பள்ளியில் நாள் முழுக்க அதற்கு நேர்மாறாக நடக்கிறது. டீச்சர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாதம் தரையில் படும் உயரத்தில் ஒரு நாற்காலி, முன்னால் ஒரு சிறு மேசை, குழுவில் மற்றவர்களும் அவள் மேசையைச் சுற்றி வந்துகொள்வது. இதுவும் ஐ.இ.பி.தான். எந்த உட்காரும் முறை அவளுக்குச் சரி என்பதை மட்டும் இயன்முறை மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காதுக்கருவிப் பையன் விஷயமும் அப்படித்தான். சொல்வதை எழுதுதல் நடக்கும்போது நாம் வழக்கமாக வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்வோம். அவன் பாதி காதாலும் பாதி உதட்டைப் பார்த்தும் பிடிப்பவன். டீச்சர் அவனைத் தாண்டிப் போன நொடியில் வாக்கியம் அறுந்துவிடும். ஓரிடத்தில் நின்று, முகம் தெரியச் சொன்னால் போதும். பலகையில் எழுதிக்கொண்டே பேசக்கூடாது. கருவியை அவன் எப்போது கழற்றிப் பைக்குள் போடுகிறான், பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது என்பதெல்லாம் அவன் அம்மாவுக்குத்தான் தெரியும். எந்த அறிக்கையிலும் அது இருக்காது.

சரி, கூட்டம் எப்போது வைப்பது? சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில், காலை வழிபாட்டுக்கு முன்னால், ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம். மூவருக்கும் ஒரே நாளில் வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் அம்மாவோ அப்பாவோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். இயன்முறை மருத்துவர் அந்த நேரத்துக்கு வர முடியாவிட்டால் போனில் பேசட்டும். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளோடு சேர்த்து வைக்கத் தோன்றும். நாள் சேரலாம், பேச்சு சேரக்கூடாது. ஒரு பிள்ளையின் குறைபாட்டை ஊர்க்காரர்கள் முன்னால் அலச வேண்டியதில்லை. அதே காரணத்துக்காக, சான்றிதழையும் புகைப்படத்தையும் ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் பெற்றோரை முதலில் பேச விடுங்கள். பிறகு, இந்தப் பருவத்துக்கு மட்டும் இரண்டோ மூன்றோ இலக்குகள். ஒரே பக்கம். எழுதுவது வகுப்பாசிரியராக இருக்கட்டும். சிறப்புப் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். தன் கையால் எழுதியதை யாரும் அவ்வளவு லேசில் "என் வேலை இல்லை" என்று சொல்ல மாட்டார்கள்.

எழுதும் விதம் முக்கியம். உங்கள் ஆறாம் வகுப்புப் பையனின் கோப்பில் "வாசிப்புத் திறன் மேம்படும்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள். அதை வைத்து யாராலும் எதையும் செய்ய முடியாது. அவனை வாசிக்கவிட்டு உற்றுக் கேளுங்கள். "கொடி" என்பதைக் "கெடி" என்று படிக்கிறானா? ஒற்றைக்கொம்பைப் பார்க்கிறான், பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறான் என்று அர்த்தம். அப்படியானால் இலக்கு இதுதான்: "அரையாண்டுத் தேர்வுக்குள், ஒகர ஓகார வரிசைச் சொற்கள் பத்தைக் கொடுத்தால் எட்டையாவது தானே வாசிப்பான்." யார் சொல்லித் தருவது, எந்தப் பாடவேளையில், எந்த வாரம் சோதிப்பது என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியர் வருவதால், அந்தப் பக்கத்தின் நகல் எல்லோரிடமும் இருக்க வேண்டும். அறிவியல் டீச்சர் அவனை எழுந்து வாசிக்கச் சொல்லாமல், வாயால் பதில் சொல்ல விட்டாலே அவனுக்குப் பாதி பயம் போய்விடும்.

இவனுக்கு இன்னொன்றும் அவசரம். மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016 சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. பிரிவு 17 கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகளையும் சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது மருத்துவக் குழுவைத் தேடி ஓடாமல், மதிப்பீட்டுக்கு இப்போதே அனுப்புங்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருநாள் வந்தால் போதுமா என்றால், போதாது. தேவையுள்ள பிள்ளைகள் தொடக்கநிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. அதை நீங்கள் ஒருவராகச் சரிசெய்ய முடியாது. ஆனால் உங்கள் சிறப்புப் பயிற்றுநர் எந்தெந்த நாள் வந்தார், எத்தனை நிமிடம் எந்தப் பிள்ளையோடு இருந்தார் என்று ஒரு நோட்டில் குறித்து, பருவமுடிவில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் அனுப்பலாம். அவர்மேல் புகார் சொல்வதாக இல்லாமல், ஆள் போதவில்லை என்பதற்கான கணக்காக எழுதுங்கள். அனுப்பும்முன் அவரிடமும் காட்டிவிடுங்கள். பல பள்ளிகளுக்கு அலைகிறவர், சந்தோஷமாகவே கையெழுத்துப் போடுவார்.