கசிந்த வரி ஆவணங்களும் ரேஞ்சர்ஸ் ரசிகர்களின் கோபமும்: கேள்வி-பதில்

ஸ்காட்லாந்துக் கால்பந்துக் கிளப்பான கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் வீரர்களுக்கு அறக்கட்டளை வழியாகக் கொடுத்த பணத்துக்கு வரி உண்டா என்ற வழக்கைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களில் பாதிப் பேர் ரேஞ்சர்ஸ் பக்கம், பாதிப் பேர் அதன் போட்டிக் கிளப்பான செல்டிக் பக்கம். வரி ஆலோசனை என் தொழில். கால்பந்தில் எனக்கு ஆர்வம் உண்டு, ஆனால் இந்த இரண்டு கிளப்புகளில் எதற்கும் நான் ரசிகன் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் திட்டு வாங்கத் தயார்.

வீரர்களுக்குக் கொடுத்தது கடன் என்கிறார்கள் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள், சம்பளம் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?

இரண்டும் சரி. வழக்கின் சிக்கலே அதுதான்.

ஒரு வீரர் வரி போகக் கையில் வாரம் 6,000 பவுண்டு வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். அப்போதைய மேல்மட்ட வருமான வரி 40 சதவீதம். நேர்வழியில் போனால் கிளப் ஏறக்குறைய 10,000 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும். நிறுவனத்தின் தேசியக் காப்பீட்டுப் பங்கு தனி. ரேஞ்சர்ஸின் உரிமையாளர் டேவிட் மர்ரேயின் குழுமம் 2001-இல் வேறு வழி பிடித்தது. இபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் ஊழியர் நல அறக்கட்டளைதான் அந்த வழி. கிளப் பணத்தை அறக்கட்டளையில் போடும். அறக்கட்டளை அந்த வீரருக்கென ஒரு துணை அறக்கட்டளை திறக்கும். அதிலிருந்து வீரர் கடன் வாங்குவார். தவணை பத்து வருடம். ஆனால் திருப்பிக் கொடு என்று யாரும் வந்து நிற்கப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சம்பளமாக இருந்தால்தானே வருமான வரி? கடனுக்கு ஏது?

2010 வரை இப்படி 4.7 கோடி பவுண்டுக்கு மேல் போனது. வீரர்கள், மேலாளர்கள், இயக்குநர்கள் என்று பலரும் வாங்கினார்கள். மர்ரேயும் வாங்கினார்.

சரி, உங்களுக்கு இவ்வளவு தருவோம் என்று வீரரிடம் எப்படி உறுதி சொல்வது? அங்கேதான் சைடு லெட்டர் வந்தது. கால்பந்துச் சங்கத்திடம் பதிவாகும் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மட்டும் இருக்கும். அறக்கட்டளை வழியாக எவ்வளவு வரும் என்பது இன்னொரு கடிதத்தில் இருக்கும், அது பதிவுக்குப் போகாது. வரி அதிகாரி கண்ணில் பட்டால் ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும் காகிதம் அது.

2012-இல் ரேஞ்சர்ஸ் தரப்பு ஜெயித்த வழக்கில் 2017-இல் தோற்றது எப்படி? நடுவில் என்ன மாறியது?

சட்டம் மாறவில்லை, வரித்துறையின் வாதம் மாறியது.

முதல் நிலை வரித் தீர்ப்பாயத்தில் வரித்துறை, இவற்றை உண்மையான கடனாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடியது. 2012 நவம்பரில் வந்த முடிவில் மூவரில் இருவர் அதை ஏற்கவில்லை. அறக்கட்டளை உண்மை, கடன் உண்மை, ஆகவே பெரும்பாலான தொகைக்கு வரி இல்லை என்றார்கள். மூன்றாமவரான ஹைடி பூன் நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதினார். 2014-இல் மேல் தீர்ப்பாயத்திலும் வரித்துறைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கொண்டாடினார்கள், அதில் தப்பில்லை.

அப்புறம் ஸ்காட்லாந்தின் உயர்மட்ட சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனில் வரித்துறை வேறு கதவைத் தட்டியது. கடன் உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் அறக்கட்டளைக்குள் போன பணம் எது? வீரர் உழைத்துச் சம்பாதித்த கூலி. என் சம்பளத்தை என் கையில் தராமல் மாமியார் கணக்கில் போடுங்கள் என்று நான் முதலாளியிடம் சொன்னாலும் அது என் சம்பளம்தான், வரியும் உண்டு. 2015 நவம்பரில் அந்த நீதிமன்றம் இதை ஏற்றது. 2017 ஜூலை 5 அன்று லண்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக உறுதி செய்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடன்கள் போலி என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. பணம் கிளப்பை விட்டுக் கிளம்பிய இடத்திலேயே வரி பிடித்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று செல்டிக் ரசிகர்கள் எழுதும் பதாகைக்கு இந்தத் தீர்ப்பில் நேரடி ஆதாரம் கிடையாது. ‘நாங்கள் வழக்கில் ஜெயித்தோம்’ என்று இன்னமும் சொல்லும் ரேஞ்சர்ஸ் ரசிகருக்கோ துளிகூடக் கிடையாது.

தீர்ப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்பே பிபிசி எல்லாவற்றையும் ஒளிபரப்பிவிட்டதே. விசாரணை ரகசியமாக நடந்துகொண்டிருக்கும்போது அது நியாயமா?

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2012 மே மாதம் பிபிசி ஸ்காட்லாந்தின் புலனாய்வு நிகழ்ச்சி வந்தது. யார் யாருக்கு எவ்வளவு போனது, யாரிடமெல்லாம் சைடு லெட்டர் இருந்தது என்ற விவரங்கள் பெயரோடு வெளியாயின. நவம்பரில் தீர்ப்பாயம் தன் முடிவை வெளியிட்டபோது, தனி அறையில் நடந்த விசாரணை என்பதால் சாட்சிகளின் பெயரையெல்லாம் மாற்றியிருந்தது. மிஸ்டர் பிளாக், மிஸ்டர் ரெட் என்று நிறங்களின் பெயர்கள். அதற்குள் உண்மைப் பெயர்கள் கிளாஸ்கோவில் டீ குடிக்கும் ஒவ்வொருவர் வாயிலும் இருந்தன!

பெரிய கிளப் ஒன்று பத்து வருடம் எப்படிச் சம்பளம் கொடுத்தது என்பதில் பொது நலன் உண்டு, அதிலும் கிளப் திவால் நிலையில் கிடந்த நேரம் அது. ஆகவே கதையை வெளியிட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தனிநபரின் தொகையையும் பட்டியலிட்டது தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம். எந்த வாடிக்கையாளரின் வரிக் கோப்பு அப்படி வெளியே வந்தாலும் எனக்கு வயிறு கலங்கும். கிளப் சொன்ன திட்டத்தில் கையெழுத்துப் போட்டது தவிர வேறு எதுவும் செய்யாத வீரர்களும் அதில் இருந்தார்கள்.

கசியவிட்டது வரித்துறை ஆள்தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உங்கள் கணிப்பு?

கணிக்க மாட்டேன். ஆனால் உங்கள் நண்பர் அடித்துச் சொல்வதற்கு என்ன அடிப்படை என்று கேளுங்கள்.

பிரிட்டனில் வரித்துறை ஊழியர்களின் வாயைக் கட்டும் சட்டம் கடுமையானது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தகவலை வெளியிடக் கூடாது என்கிறது. அடையாளம் தெரியும் ஒருவரின் விவரத்தை மீறி வெளியிட்டால் 19-ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை. வேலை போகும் என்று தெரிந்து ஒருவர் செய்ய மாட்டார் என்று சொல்லவில்லை. செய்யலாம்.

ஆனால் வரித் தகராறின் கோப்பு ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆதாரக் கட்டு ஒன்று தயாரானால் அதன் நகல் வரித்துறைக்கு, தீர்ப்பாய உறுப்பினர்களுக்கு, இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கு, அவர்களின் உதவியாளர்களுக்குப் போகும். கிளப்பின் கணக்குப் பிரிவிலும் குழுமத்தின் தலைமையகத்திலும் அறங்காவலரிடமும் மூல ஆவணங்கள் இருக்கும். 2007 ஜூலையில் கால்பந்து பரிமாற்ற ஊழல் பற்றிய விசாரணையில் லண்டன் சிட்டி போலீஸ் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் சோதனை போட்டு ஆவணங்களை எடுத்தது. 2011-இல் கிளப் கைமாறியபோது வாங்குபவர் தரப்பு கோப்புகளைப் பார்த்திருக்கும். 2012 பிப்ரவரிக்குப் பிறகு திவால் நிலையைக் கையாள நியமிக்கப்பட்ட நிர்வாகிகளும் அவர்களின் ஊழியர்களும் உள்ளே வந்தார்கள். இத்தனை கைகள். 2012 தீர்ப்புக்குப் பிறகு மர்ரே தரப்பு கசிவு பற்றி விசாரணை கேட்டது. அந்தக் கோரிக்கை நியாயமானது. கோரிக்கையை வைத்தே முடிவுக்குத் தாவுவதுதான் தவறு.

அந்த நிருபர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி, யார் கொடுத்தார் என்று கேட்க முடியாதா?

கேட்கலாம், பதில் வாங்குவது கஷ்டம். 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு செய்தி மூலத்தைக் காக்கிறது. நீதி, தேசப் பாதுகாப்பு, குற்றத் தடுப்பு ஆகியவற்றுக்கு அவசியம் என்று நிரூபித்தால் மட்டுமே அந்தக் கதவு திறக்கும்.

பிபிசி ஸ்காட்லாந்துக்கு ரேஞ்சர்ஸ் என்றாலே ஆகாது. இதை மறுக்க முடியுமா?

ரசிகர்களின் இந்தக் கோபம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2011-இல் மேலாளர் ஆலி மெக்கோய்ஸ்ட் மதவெறிப் பிரச்சினை பற்றிப் பேசியதை, அவர் அதைச் சிரித்து ஒதுக்கினார் என்று தோன்றும்படி பிபிசி வெட்டி ஒட்டியது. பிறகு மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் புதிய உரிமையாளர் கிரெய்க் வைட் முன்பு ஏழு வருடம் நிறுவன இயக்குநராக இருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று பிபிசி சொன்னபோது, கிளப் பிபிசியோடு பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டது. ரசிகர்கள் பலரும் கைதட்டினார்கள். பிபிசி சொன்னதோ உண்மை. அதைச் சொன்னது யார் என்பதை விட்டுவிட்டு, சொன்னது என்ன என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் ரேஞ்சர்ஸ் ரசிகர்களுக்குச் சில மாதம் முன்னதாகவே விழிப்பு வந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான குற்றச்சாட்டும் உண்டு. ஸ்காட்டிஷ் பத்திரிகைகள் மர்ரேயின் காலடியில் கிடந்தன என்கிறார்கள் செல்டிக் ரசிகர்கள். 1998-இல் ஒரு பத்திரிகையாளர் மர்ரேயைப் பேட்டி கண்டு, விருந்தில் பரிமாறிய ஆட்டுக்கறியின் ருசியையும் சேர்த்து எழுதினார். அன்றிலிருந்து குழையடிக்கும் விளையாட்டுச் செய்திக்கே ‘ஆட்டுக்கறி இதழியல்’ என்று கிளாஸ்கோவில் பெயர். அந்தப் பத்திரிகையாளர் பிற்பாடு ரேஞ்சர்ஸின் தகவல் தொடர்பு இயக்குநராகவே போய்ச் சேர்ந்தார். என் அபிப்பிராயம் கேட்டால், இந்த இரண்டாவது குற்றச்சாட்டுக்குத்தான் கனம் அதிகம். வருடக்கணக்கில் கிளப் சம்பாதித்ததைவிட அதிகம் செலவு செய்தது. அதைக் கேள்வி கேட்டு எழுதிய விளையாட்டு நிருபர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் அன்றே எழுதியிருந்தால், கசிந்த காகிதத்துக்கு 2012-இல் இவ்வளவு மவுசு இருந்திருக்காது.

வரி வழக்கும் அதைப் பற்றிய செய்திகளும்தானே கிளப்பை அழித்தன?

நேரடியாக இல்லை. மர்ரே 2011 மே மாதம் ஒரே ஒரு பவுண்டுக்குக் கிளப்பை வைட்டிடம் விற்றார். வைட் எதிர்கால சீசன் டிக்கெட்டுகளை முன்கூட்டியே விற்றுப் பணம் புரட்டினார். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியையும் வாட் வரியையும் அரசுக்குக் கட்டவில்லை. அந்த 90 லட்சம் பவுண்டு பாக்கிதான் 2012 பிப்ரவரி 14 அன்று கிளப்பை அட்மினிஸ்ட்ரேஷனில், அதாவது கடனில் மூழ்கிய நிறுவனத்தை வெளி நிர்வாகிகள் கையில் எடுக்கும் நிலையில், தள்ளியது. அறக்கட்டளை பற்றிய பெரிய வரி வழக்கில் அப்போது தீர்ப்பே வரவில்லை. ஆனால் அது தலைக்கு மேல் தொங்கியதால்தான் நல்ல பணக்காரர் எவரும் வாங்க வரவில்லை, வைட் போன்றவர் வந்தார் என்பதையும் மறுக்க மாட்டேன். ஜூன் மாதம் கடன் தீர்வுத் திட்டத்தை வரித்துறை நிராகரித்தது. சொத்துகள் 55 லட்சம் பவுண்டுக்குக் கைமாறின, அணி நான்காம் நிலை லீகிலிருந்து மறுபடி தொடங்கியது.

அந்த வருடங்களில் ரேஞ்சர்ஸ் வென்ற பட்டங்களைப் பறித்திருக்க வேண்டாமா?

ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக் அமைத்த நிம்மோ ஸ்மித் ஆணையம் 2013 பிப்ரவரியில் இதை விசாரித்தது. சைடு லெட்டர்களைப் பதிவு செய்யாததற்குப் கிளப்பை நடத்திய பழைய நிறுவனத்துக்கு 2,50,000 பவுண்டு அபராதம் போட்டது, பட்டங்களைத் தொடவில்லை. விளையாட்டுத் துறைத் தண்டனை பற்றி வரி ஆலோசகனிடம் இதற்கு மேல் கேட்காதீர்கள்.

வேறு நாடுகளில் இப்படி ரகசிய வரி விவரம் கசிந்தால் ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்?

அதேதான். பேயர்ன் மியூனிக் தலைவர் உலி ஹோனஸ் சுவிஸ் வங்கிக் கணக்கைப் பற்றித் தானே முன்வந்து வரித்துறையிடம் சொன்னது 2013 ஏப்ரலில் பத்திரிகையில் வந்தது. ஜெர்மனியில் வரி ரகசியம் கிட்டத்தட்ட புனிதமானது. யார் கசியவிட்டார் என்று அங்கேயும் விசாரணை நடந்தது. ஆனால் 2014-இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றரை வருடம் சிறை கொடுத்தது, ஏய்த்த வரி 2.85 கோடி யூரோ. 2016-இல் கிளப் உறுப்பினர்கள் அவரையே மறுபடி தலைவராக்கினார்கள்.

கிறிஸ்டியானோ ரொனால்டோ விஷயம் இன்னும் வேடிக்கை. 2016 டிசம்பரில் ஃபுட்பால் லீக்ஸ் என்ற பெயரில் கசிந்த கால்பந்து உலக ஆவணங்களை வைத்து ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. மாட்ரிட் நீதிபதி ஒருவர் வெளியிடத் தடை போட்டுப் பார்த்தார். 2019 ஜனவரியில் ரொனால்டோ குற்றத்தை ஒப்புக்கொண்டு 1.88 கோடி யூரோ அபராதத்துக்குச் சம்மதித்தார். அந்த ஆவணங்களை எடுத்த ரூய் பிண்டோவும் அதே மாதம்தான் புடாபெஸ்டில் கைதானார். 2023-இல் லிஸ்பன் நீதிமன்றம் அவருக்கு நான்கு வருட நிறுத்திவைத்த தண்டனை கொடுத்தது. காகிதத்தில் இருந்தது உண்மை, அதை எடுத்த விதம் குற்றம்.

ரேஞ்சர்ஸ் வழக்கை நாமே படித்துப் பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. நீதிபதி லார்ட் ஹாட்ஜ் எழுதியது, வரிச் சட்டம் தெரியாதவருக்கும் புரியும், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். ருசி பிடித்துவிட்டால் ஹைடி பூனின் மாற்றுத் தீர்ப்புக்குப் போங்கள். கடன் விண்ணப்பங்கள் எப்படி நிரப்பப்பட்டன, கடிதங்கள் எப்படிக் கைமாறின என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும், பெயர்கள் எல்லாம் மாற்றுப் பெயர்கள் என்பதால் யார் யாரிடம் பேசினார் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் பத்தாம் பக்கத்தில் வழி தவறிவிடும்.